கல்லுக்குப் போட்ட பனியன்

கறை எடுக்கிறவன் கண்ணுக்கு உலகத்தில் கறை மட்டும்தான் தெரியும். கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன் வரிசையில் நிற்கிறவர் முதுகைப் பார்ப்பேன். சட்டையில் இருப்பது எண்ணெயா, கிரீஸா, வெற்றிலைச் சாறா? யோசித்து முடிப்பதற்குள் தீபாராதனை முடிந்துவிடும். திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வருவேன்.

திருப்பூர் தாராபுரம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. தைத்து வரும் பீஸில் மிஷின் எண்ணெய் பட்டிருக்கும். துரு பட்டிருக்கும். தையல்காரர் குடித்த டீ பட்டிருக்கும். செக்கிங் டேபிளில் பெண்கள் அந்த இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி என்னிடம் தள்ளுவார்கள். நான் ஸ்ப்ரே கன்னால் மருந்து அடிப்பேன். கறை போகும். பீஸ் போகும். அடுத்தது வரும். எட்டாவதோடு நின்றவனுக்கு ஏற்ற வேலை. வாயைத் திறக்கவே வேண்டாம்.

அந்த செக்கிங் டேபிளில்தான் செல்வி இருந்தாள். அவள் அப்பா மாரியப்பன், முதலாளியின் டிரைவர். எங்களைப் போலவே கோவில்பட்டிப் பக்கம். ரொம்ப காலத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டவர். முதலாளி முன்னால் நின்றால் 'ஆமாங்க, ஆகட்டுங்க' என்று இந்த ஊர்ப் பேச்சு சுத்தமாக வரும். பயந்துவிட்டால் மட்டும் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிடும்.

எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து அவர் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். எல்லாரும் பேசினார்கள். நான் பேசவில்லை. "மாப்பிள்ளையும் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று யாரோ சொன்னார்கள். நான் மாரியப்பனைப் பார்த்தேன். (அவரை எங்கே பார்த்தேன், அவர் சட்டையைத்தான் பார்த்தேன்.)

"பாக்கெட்டுக்குக் கீழ சாம்பார் இருக்கு. காயுறதுக்குள்ள கழுவிருங்க மாமா" என்றேன்.

வீடு மொத்தமும் அவர் சட்டையைப் பார்த்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாரியப்பன் துண்டை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டார்.

"மாமான்னு இப்பமே கூப்பிட வேண்டாம் தம்பி. முதலாளி வீட்டுக் கிரகப்பிரவேசம் வருது. அது முடியட்டும். யோசிச்சுச் சொல்லுதேன்."

அவர் யோசிக்கிற நாட்களில் நானும் யோசித்துக்கொண்டே மருந்து அடித்தேன். செல்வி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் பீஸுக்கு மட்டும் இரண்டு தடவை அடிப்பேன். அவளோ ஒன்றும் நடக்காதது போல ஒட்டி ஒட்டி அனுப்பினாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மதியம் மாரியப்பன் போன் செய்தார்.

"தம்பி, எங்க இருக்க?"

"கம்பெனில."

"கன்னை எடுத்துக்கிட்டு முதலாளி புது வீட்டுக்கு வால. மருந்து என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் எடு. யார்ட்டயும் சொல்லாத."

'வால' என்றார். ஊர்ப் பேச்சு. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சம்மதம் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கன் எதற்கு என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டைப் பற்றிக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் பேசியது ஒரு சுவரைப் பற்றித்தான். வாசலைத் தாண்டினால் பெரிய கூடம். எதிரே தரையிலிருந்து மாடி வரைக்கும் ஒரே கல் சுவர். சாம்பல் கலந்த கருப்பு. பளபளப்பு கிடையாது. கிட்டே போனால் மேடு பள்ளம். கையை வைத்தால் வழுக்காது, குத்தவும் செய்யாது. டைல்ஸ் ஒட்ட வந்தவர்கள் 'பாலிஷ் போட மறந்துட்டாங்களா' என்று கேட்டார்களாம். கோயமுத்தூரிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் மேடம் சிரித்தாராம். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பக் கூடாதாம், உள்ளே இறங்க வேண்டுமாம். அதற்குத்தான் அவ்வளவு செலவாம்.

முதலாளி கல்லைத் தேர்ந்தெடுத்த கதையும் ஊருக்கே தெரியும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு பலகை பலகையாகத் தடவிப் பார்த்தாராம். துணி வாங்குகிறவர் அப்படித்தான் பார்ப்பார். கடைசியில் இந்தக் கல்லைத் தொட்டு, "ஹேண்ட் ஃபீல் இதுலதானுங்க இருக்குது" என்றாராம்.

நான் உள்ளே நுழைந்தபோது அந்தச் சுவரின் நடுவில் ரத்தம் மாதிரி ஒன்று வழிந்துகொண்டிருந்தது.

கீழே உடைந்த பூசணிக்காய். பக்கத்தில் மாரியப்பன். அவர் முகத்திலும் சிவப்பு.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"திருஷ்டி கழிச்சேன்."

"உள்ளயா?"

"போறவன் வாறவன் எல்லாம் இந்தச் சுவத்தைத்தான பாக்கான். கண்ணு பூரா இதுலதான் கிடக்கு. அதான் இதுக்கு நேரா மூணு சுத்து சுத்தி இங்கனயே போட்டேன். தெறிச்சிட்டு."

ரோட்டில் போட்டு உடைக்கச் சொல்லித்தான் முதலாளியம்மா கொடுத்திருக்கிறார். பூசணிக்காய்க்குள் குங்குமமும் அவரே கையால் அடைத்தது. கடைக் குங்குமம் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து வீட்டிலேயே செய்தது. பூசணித் தண்ணீரோடு சேர்ந்து கல்லின் மேடு பள்ளம் எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துவிட்டது.

"முதலாளி எங்க?"

"குன்னத்தூர் போயிருக்காரு. சொந்தக்காரங்களைக் கூட்டியாற. சாயந்திரம் ஐயரு வந்துருவாரு. வாஸ்து ஓமம் இருக்கு. அதுக்குள்ள இது போவணும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "போகலைன்னா என் வேலை போச்சு. இந்தச் சுவரு அவருக்குப் பிள்ளை மாதிரி. நீ கறை எடுக்கிறவன்லா. எடு."

எடுத்துவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கறை எடுக்கிறவன் முதலில் கேட்பது கறையைப் பற்றி இல்லை, துணியைப் பற்றி. காட்டனா, பாலியெஸ்டரா, கலப்பா? அதற்குத் தகுந்த மாதிரிதான் மருந்து. கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு நான் கேட்கவில்லை. கல்தானே என்று நினைத்தேன். துணியையே கிழிக்காத மருந்து கல்லை என்ன செய்துவிடும்?

கன்னைப் பிளக்கில் சொருகி அடித்தேன். மருந்து வேகமாகப் பாய்ந்தது. துணியில் அடித்தால் கறை பின்பக்கமாக வெளியேறிவிடும். கல்லுக்குப் பின்பக்கம் இல்லை. சிவப்பு சுற்றிலும் பரவி, தாம்பாளம் அளவுக்கு ரோஸ் நிறத்தில் நின்றது.

மாரியப்பன் போன் அடித்தது. முதலாளி.

"சொல்லுங்க... ஆமாங்க... எல்லாம் நல்லா இருக்குதுங்க... செவுருங்களா? செவுரு இங்கதானுங்க இருக்குது." போனை வைத்தார். "கிளம்பிட்டாங்களாம்ல!"

சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். ரோஸ் ரத்தச் சிவப்பானது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

மாடியில் ஏதோ சத்தம். முதலாளியம்மா வரச் சொல்லியிருந்த செக்கிங் டேபிள் பெண்கள் சிலர் மேலே தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி படியிறங்கி வந்தாள். கையில் விளக்குமாறு. சுவரைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவரு பேச மாட்டாருன்னு சொன்னாங்க, சரி. வேலையும் தெரியாதுன்னு யாரும் சொல்லலையேப்பா."

"நீ மேல போ" என்றார் மாரியப்பன்.

"போக மாட்டேன். உங்களுக்கு ஏதாச்சும்னா எனக்கும்தான."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு வீரம் வந்தது. (வந்திருக்கக் கூடாது.) துருக்கறைக்கு வைத்திருக்கும் ஆசிட் கேனைத் திறந்தேன். கொஞ்சம் ஊற்றினேன். சிவப்பு பளிச்சென்று மஞ்சளானது. பிறகு கல் 'புஸ்' என்று நுரைத்தது.

துணி ஒரு நாளும் நுரைத்ததில்லை.

"நுரைக்குதே" என்றாள் செல்வி.

"நுரைக்கும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மூன்று பேரும் பார்த்தோம். கறை இல்லை. சுவர் மொத்தமும் ஒரே கருப்பு. எங்கே கறை இருந்தது என்று தேடினாலும் கிடைக்காது. மாரியப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தோளில் கை வைத்தார்.

"மாப்..." என்று ஆரம்பித்தார்.

அப்போது ஈரம் காய ஆரம்பித்தது.

ஆசிட் பட்ட இடம் மெதுவாக வெளுத்து வந்தது. கருப்புச் சுவரில் ஒரு சட்டி அளவுக்கு வெள்ளைச் சாம்பல் நிறம். மாரியப்பன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஆரம்பித்த வார்த்தையையும் விழுங்கிக்கொண்டார்.

துணியில் கறை எடுத்த இடம் தனியாக வெளுத்துத் தெரிந்தால் என்ன செய்வோம்? சுற்றிலும் கொஞ்சம் பரத்திவிடுவோம். ஓரம் தெரியாது. அதையே செய்தேன். ஆசிட்டில் துணியை நனைத்துச் சுற்றிலும் தேய்த்தேன். கழுவினால் எல்லாம் ஒன்றாகிவிடும். காய்ந்தால் முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். மறுபடி பரத்தினேன். மேலேயும் தேய்த்தேன். தலை உயரத்தில் நடுவில் ஒரு விளக்கு பதித்திருந்தார்கள். அதில் ஆசிட் பட்டுவிடக் கூடாதென்று அதைச் சுற்றி விட்டுவிட்டுத் தேய்த்தேன். இரண்டு பக்கமும் தோள் அகலத்துக்கு வளைத்து வளைத்துத் தேய்த்தேன். கிட்டே நின்று வேலை பார்க்கிறவனுக்கு முழு உருவம் தெரியாது.

மறுபடி போன். "பெருமாநல்லூர் தாண்டிட்டாங்களாம்" என்றார் மாரியப்பன். வந்துவிடுகிற தூரம்தான். "தம்பி, அந்த மேடம் இதுக்கு ஒரு பேரு சொன்னாங்க. இப்பதான் ஞாபகம் வருது. லெதர் ஃபினிஷ்."

"லெதர்னா?"

"தோலு. பெல்ட்டுக்கு, செருப்புக்கெல்லாம் போடுவாம்லா."

"கல்லுலயா?"

"எனக்கென்னல தெரியும்? பணக்காரங்க வீடு. மாட்டுத் தோலை அரைச்சுப் பூசியிருப்பான்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. தோலில் ஆசிட் ஊற்றினால் வெளுக்கத்தான் செய்யும். துணி என்னவென்று தெரியாமல் மருந்தடித்திருக்கிறேன். இப்போது தெரிந்துவிட்டது. தோல் வறண்டால் எண்ணெய். ஓமச் சாமான்களுக்கு நடுவே தேங்காய் எண்ணெய் இருந்தது. பனியன் வேஸ்ட் துணியைச் சதுரமாக மடித்து, எண்ணெயில் நனைத்து, வெளுத்த இடத்தில் இடது பக்கமாக ஒரு ஒற்று ஒற்றினேன்.

கன்னங்கரேல் என்று ஆனது. அதோடு நிற்கவில்லை, பளபளத்தது. அவ்வளவு பெரிய மங்கல் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் கண்ணாடி போல மின்னியது. துடைத்தேன். இன்னும் மின்னியது.

"போதும்" என்றாள் செல்வி. "இனிமே எதுவும் வைக்காதீங்க."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

மாரியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டே பூசணிக்காயை அள்ளினார். செல்வி ஆசிட் கேனைப் படிக்குக் கீழே தள்ளிவிட்டு விளக்குமாறோடு படியேறி நின்றாள். நான் கன்னில் மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை நிரப்பிச் சுவர் முழுக்க அடித்தேன். ஈரம் இருக்கிற வரைக்கும்தான் உயிர் என்று மட்டும் புரிந்தது.

முதலாளி உள்ளே வந்தார். பின்னால் முதலாளியம்மா, குன்னத்தூர்ச் சொந்தங்கள், கடைசியில் ஐயர். நான் தூண் ஓரமாகக் கன்னை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாரியப்பா, செவுரு ஏப்பா ஈரமா இருக்குது?"

"தூசி இருந்துச்சுங்க. துடைச்சு உட்டமுங்க."

"ஈரத்துல இன்னும் அம்சமா இருக்குதே! மாமா, வாங்க, தொட்டுப் பாருங்க. ஹேண்ட் ஃபீல் பாருங்க."

ஒரு பெரியவர் வந்து தொட்டார். அவர் கை நேராக அந்தச் சதுரத்தில் போய் விழுந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். "தேங்காண்ணையாட்ட வாசம் அடிக்குதே தம்பி."

"இம்போர்டட் கல்லுங்க மாமா. அப்படித்தான் இருக்கும்" என்றார் முதலாளி.

சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஐயர் செங்கல் அடுக்க ஆரம்பித்தார். அவர் சீக்கிரம் தீ மூட்டினால் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி உட்காருவார்கள். நான் மறுபடி தண்ணீர் அடித்துவிடலாம்.

"ஏனுங்க, ரொம்ப புழுக்கமா இருக்குது. ஃபேனைப் போடுங்க" என்றார் முதலாளியம்மா.

"ஃபேன் வேண்டாமுங்கம்மா!" மாரியப்பன் கத்தியேவிட்டார்.

"ஏப்பா?"

"கரண்டு... கரண்டு வீணாப் போயிருமுங்க."

கூட்டத்தில் யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். கூடத்துக்கென்றே வாங்கிய ராட்சச ஃபேன். ஒவ்வொரு இறக்கையும் ஒரு ஆள் நீளம். மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து வேகம் எடுத்தது.

நானும் மாரியப்பனும் செல்வியும் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கீழே ஒரு நேர்கோடு வெளுத்தது. பிறகு இரண்டு பக்கமும் மேலே ஏறியது. மேலே போகப் போக உள்ளே வளைந்தது. நடுவில் விளக்கைச் சுற்றி ஒரு அரைவட்டம். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பட்டை. நான் கிட்டே நின்று தேய்த்தபோது தெரியாத உருவம் தூண் ஓரத்திலிருந்து முழுசாகத் தெரிந்தது.

கை இல்லாத பனியன். இடது மார்பில் சதுரமாக லேபிள்.

தேங்காய் எண்ணெய்ப் பெரியவர்தான் முதலில் பார்த்தார்.

"ஏந்தம்பி, ஊட்டுச் செவுத்துலயும் பனியனா?"

முதலாளி திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கிட்டே போனார். சரக்கு எடுக்க வரும் பையர் பீஸைப் பார்ப்பது போல மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். கழுத்துப் பக்கம் விரல் வைத்தார். லேபிள் பக்கம் விரல் வைத்தார்.

"செகண்ட்ஸ் ஆக்கிப்போட்டீங்களேப்பா" என்றார். குறை விழுந்து கழித்துப் போடும் பீஸுக்குத்தான் அந்தப் பேர்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரல் உடைந்துவிட்டது. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற நான் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தேன்.

"தோலுன்னு தெரியாமப் போச்சுங்க."

முதலாளியம்மா நிமிர்ந்தார். "என்னது? தோலா?"

"லெதர் ஃபினிஷுன்னாங்க. முன்னாலயே தெரிஞ்சிருந்தா ஆசிட் ஊத்தியிருக்க மாட்டேன்."

"ஏனுங்க! ஓமம் வளக்கற ஊட்டுல தோலைக் கொண்டாந்தா ஒட்டி வெச்சிருக்கறீங்க?"

ஐயர் அடுக்கின செங்கலிலிருந்து கையை எடுத்தார். பலகையைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"கல்லுதானம்மிணி! பேருதான் அப்படி! பார்க்கறதுக்கு அப்படி இருக்குதுன்னு வெச்ச பேரு!"

"அப்ப அந்த ஆளு எதுக்குத் தோலுங்கறாரு?"

முதலாளி சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது. ஆர்க்கிடெக்ட் மேடத்துக்குப் போன் போட்டு, ஐயர் காதில் வைத்து, அது வெறும் கல்தான் என்று சொல்ல வைத்தார். ஐயர் மறுபடி பலகையை முன்னால் நகர்த்தினார். அப்புறம்தான் முதலாளி என் பக்கம் திரும்பினார். கம்பெனியில் எத்தனையோ பேர். என் முகம் அவருக்குத் தெரியாது. என் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. துணியெல்லாம் மஞ்சள்.

"யாருய்யா நீ? உன்னை எவன் ஊட்டுக்குள்ள விட்டது?"

நான் மாரியப்பனைப் பார்த்தேன். கம்பெனி ஆள் என்று சொன்னால் வேலை நேரத்தில் மருந்தோடு கூட்டிவந்தது யார் என்ற கேள்வி வரும். அவர் வேலை போகும், என் வேலை போகும், செல்வியையும் டேபிளில் வைத்திருக்க மாட்டார்கள். யாரென்று தெரியாது என்று சொன்னால் வெளியாளை விட்டதற்குப் போலீஸே வரலாம். மாரியப்பன் வாய் திறந்து திறந்து மூடியது. எந்த ஊர்ப் பேச்சும் வரவில்லை. கடைசியில் வந்தது.

"வெளியாளு இல்லீங்க. நம்ம... நம்ம மாப்பிள்ளைங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது.

முதலாளியம்மாவின் முகம் அப்படியே மாறியது. "மாப்பிள்ளையா? நம்ம செல்விக்கா? சொல்லவே இல்லையேப்பா மாரியப்பா! எப்ப முடிவாச்சு?"

"இப்பத்தானுங்கம்மா."

"இப்பன்னா?"

"இப்பத்தானுங்க."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

படியில் விளக்குமாறு விழுந்த சத்தம் கேட்டது. செல்வி. "என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களாப்பா?"

குன்னத்தூர்க் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. மாரியப்பன் கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் தூணோடு தூணாக ஒட்டினேன்.

"நீ சொல்லு கண்ணு" என்றார் முதலாளியம்மா. "புடிக்கலீன்னா புடிக்கலீன்னு சொல்லு. நாங்க இருக்கறோம்."

செல்வி என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். பீஸைப் பார்க்கிற அதே பார்வை. ஸ்டிக்கர் ஒட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இவரைக் கல்லு பக்கம் விடாம இருந்தாச் சரிங்கம்மா."

பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் முதலாளியம்மா, "நல்ல காரியம் நடக்கற ஊட்டுல யாரையும் கடிஞ்சு பேசப்படாதுங்க. கல்லை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். முதலாளி வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் சும்மா விடவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பனியனுக்கு முன்னால் நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்தார். "கொஞ்சம் இந்தப் பக்கம். ம். அகலம் சரியா இருக்குது. நாளைக்கு நீ இங்கயே நில்லு. நகரப்படாது."

மறுநாள் விடிந்ததிலிருந்து நின்றேன். புது வேட்டி, புதுச் சட்டை. கையில் சந்தனக் கிண்ணம். தலைக்குப் பின்னால் விளக்கு. முதுகுக்குப் பின்னால் பனியன். பக்கத்தில் மாரியப்பன் பன்னீர்ச் செம்போடு. வந்தவர்கள் எல்லாரும் கல் சுவரைப் பார்க்க வந்தார்கள். சுவருக்கு நடுவில் நான் நின்றேன்.

"இது யாருங்க?"

முதலில் கேட்டவரிடம் மாரியப்பன் முனகினார். "நம்ம மாப்பிள்ளைங்க." முதலாளி காதில் விழுகிற தூரத்தில் நின்றார். மாற்றிச் சொல்ல வழியில்லை. அடுத்து வந்தவரிடம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பந்தி ஆரம்பிக்கும்போது கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். "நம்ம மாப்பிள்ளைங்க. கறை எடுக்கறதுல திருப்பூர்லயே கெட்டிக்காரருங்க." நான் முதுகைச் சுவரோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

சாப்பிடவும் விடவில்லை. செல்விதான் தட்டில் கொண்டுவந்தாள். "சிந்தாதீங்க" என்றாள். கல்யாணம் முடிவான பிறகு அவள் எனக்கென்று தனியாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நின்றபடியே சாப்பிட்டேன். சிந்தவில்லை.

மத்தியானம் அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். "உனக்குக் கல்யாணம் முடிவாயிட்டாமே? பெத்தவளுக்குக் கடைசியிலதான் தெரியணுமா?" எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். விசேஷத்துக்கு வந்தவர்களில் யாரோ கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு பேர் காதில் விழுந்த பிறகு மாரியப்பன் என்ன யோசிப்பார்? யோசித்துச் சொல்கிறேன் என்றவர் யோசிக்காமலே சொல்லிவிட்டார். கல்யாணம் நடந்தது. முதலாளியும் வந்தார். பெண்ணுக்குப் பட்டுச் சேலை. எனக்கு ஒரு டஜன் பனியன். கையில் கொடுக்கும்போதும் சிரிக்கவில்லை.

அப்புறம் கல் கம்பெனி ஆட்கள் வந்து மொத்தச் சுவரையும் பிரஷ் மிஷினால் மறுபடி தேய்த்தார்கள். இப்போது ஒரே நிறமாக இருக்கிறதாம். எண்ணெய் வைத்த இடம் மட்டும் மழைக்காலத்தில் லேசாகத் தெரியும் என்று என் மாமனார் சொல்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த வீட்டு ஆல்பத்தில் மட்டும் இருக்கிறேன். கூடத்தில் எடுத்த எந்தப் படத்தைப் புரட்டினாலும் முதலாளி குடும்பத்துக்கு நடுவில் நான் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பேன். அவர்கள் வீட்டு மூத்த மருமகன் என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் இப்போது எந்த விசேஷம் என்றாலும் மண்டபத்தில் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள். பெயின்ட் உரிந்திருக்கும், வெற்றிலை துப்பியிருக்கும், ஈரம் ஊறியிருக்கும். "மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்பார் மாமனார். "கறையை எடுக்கவா?" என்று யாராவது புதிதாக வந்தவர் கேட்பார். "ஐயோ, எடுக்கச் சொல்லிராதீங்க. சும்மா முன்னால நிக்கச் சொல்லுங்க" என்பாள் செல்வி.

நான் போய் நிற்பேன்.